6174-ல் அப்படி என்ன மாயம்? பள்ளி ஆசிரியர் காப்ரேகரின் ‘பயனில்லாத’ பொழுதுபோக்கு

கையில் போன் இருக்கா? கால்குலேட்டரைத் திறந்து வெச்சுக்கோங்க. ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் நம்பர், பிறந்த வருஷம், எதுவானாலும் சரி. (ஏ.டி.எம். பின் நம்பர் மட்டும் வேண்டாம், பக்கத்து சீட்டில் ஆள் இருக்கலாம்.) ஒரே ஒரு கண்டிஷன்: 1111, 7777 மாதிரி நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது.

இப்போது அந்த நான்கு இலக்கங்களையும் பெரியதில் தொடங்கி சிறியது வரை அடுக்குங்கள். ஒரு எண் வரும். அதையே திருப்பி, சிறியதில் தொடங்கி அடுக்கினால் இன்னொரு எண். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடுங்கள். வந்த விடையை வைத்து மறுபடியும் இதையே செய்யுங்கள். முன்னால் பூஜ்யம் வந்தால் அதையும் ஓர் இலக்கமாக வைத்துக்கொள்ளணும், அவ்வளவுதான் விதி.

உதாரணத்துக்கு 1905-ஐ எடுத்துக்கொள்வோம்.

9510 − 0159 = 9351
9531 − 1359 = 8172
8721 − 1278 = 7443
7443 − 3447 = 3996
9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

ஏழாவது கழித்தலில் 6174 வந்துவிட்டது. இதோடு நிறுத்தாமல் அதையும் அடுக்கிக் கழித்தால் மறுபடி 7641 − 1467, மறுபடி 6174. இனி இங்கிருந்து நகராது. நீங்கள் எடுத்த எண்ணும் இதே இடத்தில்தான் வந்து நின்றிருக்கும். நிற்கவில்லை என்றால் எங்கோ கழித்தலில் பிசகு, திரும்பப் போட்டுப் பாருங்க.

உதாரணத்துக்கு 1905-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் பிறந்த ஆண்டு அது. இன்று உலகம் முழுக்க 6174-க்கு ‘காப்ரேகர் மாறிலி’ என்றுதான் பெயர். ஆனால் அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவரில்லை. முதுகலைப் பட்டம்கூடக் கிடையாது. நாசிக் பக்கத்தில் இருக்கும் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். மாலையில் வீட்டுக்கு வந்து எண்களோடு விளையாடியவர். இந்த விளையாட்டுக்கு அவர் கொடுத்த விலையும், அதில் அவருக்குக் கிடைத்ததும்தான் இந்தக் கதை.

ஜாதகக் கணக்கில் தொடங்கியது

மும்பைக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், கடலோரத்தில் இருக்கிறது தஹாணு. அங்கே 1905 ஜனவரி 17-ல் பிறந்தார் காப்ரேகர். எட்டு வயதில் அம்மாவை இழந்தார். வளர்த்தது அப்பா. அவர் ஒரு குமாஸ்தா, ஜோதிடத்தில் பெரிய ஈடுபாடு கொண்டவர். அந்தக் கலையை மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஜோதிடத்தை நீங்கள் நம்பலாம், நம்பாமல் போகலாம். ஆனால் ஜாதகம் கணிப்பதற்கு ஓயாத கூட்டல், கழித்தல், வகுத்தல் தேவை. உயர்கணிதம் வேண்டியதில்லை, எண்களோடு கை பழகியிருந்தால் போதும். அந்தப் பழக்கம் பையனுக்கு ஒட்டிக்கொண்டது. தாணேயில் பள்ளிப் படிப்பு. அங்கேயே புதிர்க் கணக்குகளைக் குறுக்கு வழியில் போடுவதில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாராம்.

1923-ல் புனே ஃபெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். 1927-ல், மாணவர்களின் சொந்தக் கணிதப் படைப்புக்காகத் தரப்படும் ரேங்லர் ஆர்.பி. பராஞ்பே பரிசை வென்றார். 1929-ல் பட்டம். இந்த இடத்தில் அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்ப்போம்? மேற்படிப்பு, ஆராய்ச்சி, வெளிநாடு. அப்படி எதுவும் நடக்கவில்லை. 1930-ல் ஆசிரியர் வேலைக்குப் போனார். 1962-ல் ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். 32 வருஷம்.

பெயர் வைப்பதில் மன்னன்

காப்ரேகருக்கு ஒரு பழக்கம். ஏதாவது ஒரு குணம் உள்ள எண் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் போதும், உடனே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். மும்பையிலிருந்து சுமார் 30 மைல் தொலைவில், அன்றைய ஜி.ஐ.பி. ரயில்வே பாதையில் டெம்லோ என்று ஒரு ஸ்டேஷன். இன்றைய டோம்பிவிலி. அங்கே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்த இடத்தின் பெயரையே வைத்து அவற்றை ‘டெம்லோ எண்கள்’ ஆக்கிவிட்டார். 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321. 1111-க்கு 1234321. மலை மாதிரி ஏறி இறங்கும் இந்த எண்கள் அந்தக் குடும்பத்தில் பிரபலமான பிள்ளைகள். தினமும் டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

‘ஹர்ஷத் எண்’ என்பதும் அவர் வைத்த பெயர்தான். மகிழ்ச்சி தருவது என்று பொருள். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் அதே எண்ணை வகுத்தால் மீதமில்லாமல் வகுபட வேண்டும். 18-ஐப் பாருங்கள்: 1+8 = 9, 18-ஐ 9 வகுக்கும். இராமானுஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729-ம் ஹர்ஷத்தான்: இலக்கங்களின் கூட்டல் 19, 19 × 91 = 1729. நம்ம 6174-ம் அப்படியே: கூட்டல் 18, 18 × 343 = 6174.

எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்தது ‘சுயம்பு’ எண்கள். ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களின் கூட்டலைச் சேர்த்தால் அடுத்த எண் பிறக்கும். 23-ஐ எடுத்தால் 23+5 = 28, பிறகு 28+10 = 38, அப்புறம் 38+11 = 49, இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். அதாவது 28-க்கு அம்மா 23. சில எண்களுக்கு இரண்டு அம்மாக்கள்கூட உண்டு: 91-ம் 100-ம் இரண்டுமே 101-ஐத்தான் பெறுகின்றன. ஆனால் 20-க்கு? எந்த எண்ணை எடுத்து இப்படிக் கூட்டினாலும் 20 வராது. பெற்றவர் இல்லாமல் தானே தோன்றிய எண். கோயிலில் தானாக முளைத்த லிங்கத்துக்கு நாம் சொல்லும் அதே சொல்லையே காப்ரேகர் அதற்கும் வைத்தார். நீங்கள் 1985-லோ 1996-லோ பிறந்தவரா? உங்கள் ஆண்டு சுயம்பு. அடுத்தது 2007. அவங்களுக்கு ஓட்டுப்போடும் வயசு வந்ததே 2025-லதான்.

தன் பெயரையே தாங்கி நிற்கும் ‘காப்ரேகர் எண்கள்’ வேறு. 45-ஐ வர்க்கப்படுத்தினால் 2025. அதை இரண்டாக வெட்டிக் கூட்டுங்கள்: 20+25 = 45. மறுபடி அதே எண். 2025-ஆம் ஆண்டு பிறந்தபோது வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியதே, அதுதான். 297-ம் இப்படித்தான்: வர்க்கம் 88209, 88+209 = 297. 1000-க்குள் இந்த வகையில் 1, 9, 45, 55, 99, 297, 703, 999 என்று மொத்தம் எட்டே எண்கள். கால்குலேட்டர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில், பள்ளி முடிந்து வந்து, பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து ஒருவர் இப்படித் தேடியிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

1949, மெட்ராஸ்

6174-ஐப் பற்றி காப்ரேகர் பொதுவெளியில் முதலில் அறிவித்தது 1949-ல், மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில். பிறகு நியூயார்க்கிலிருந்து வெளியான ‘ஸ்கிரிப்டா மாத்தமேட்டிகா’ என்ற இதழில் எழுதினார்.

இது உண்மையிலேயே எல்லா எண்ணுக்கும் பொருந்துமா? எனக்கு நாள் முழுக்க எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் வேலை, அதனால் சும்மா விட மனசில்லை. 1000 முதல் 9999 வரை 9000 எண்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கும் ஒன்பதைக் கழித்தால் 8991. அத்தனையும் 6174-ல்தான் போய் விழுகின்றன, ஒன்றுகூடத் தப்புவதில்லை. அதிகபட்சம் ஏழு கழித்தல். அந்த ஏழும் தேவைப்படும் எண்கள் 1980. மூன்றே கழித்தலில் வந்து சேர்பவைதான் அதிகம், 2124. ஒரே கழித்தலில் போய்ச் சேரும் சமர்த்துகள் 356. காப்ரேகரின் 1905 கடைசி பெஞ்ச், ஏழு கழித்தல் கேட்கிற கோஷ்டி. மெட்ராஸ் மாநாடு நடந்த 1949-ம் அப்படித்தான்.

ஏன் இப்படி? இதில் மாயம் ஒன்றுமில்லை, கொஞ்சம் பொறுமை இருந்தால் பிடிபட்டுவிடும். எந்த எண்ணாக இருந்தாலும் முதலில் இலக்கங்களை அடுக்கிவிடுகிறோம் இல்லையா? அப்போதே 1905, 5091, 9150 எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்தது கழித்தல். இலக்கங்களில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடுவில் நிற்கும் இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் அதுதான் கழித்தலின் விடை. 1905-ல் 9−0 = 9, அதற்கு 8991. நடுவில் 5−1 = 4, அதற்கு 360. கூட்டினால் 9351. மேலே வந்த அதே எண்.

ஆக, விடையைத் தீர்மானிப்பவை இரண்டே வித்தியாசங்கள். முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும். இரண்டாவது அதைத் தாண்ட முடியாது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 ஜோடிகள். 8991 எண்கள் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிட்டன! அந்த 54-ஐ மறுபடி அடுக்கும்போது இன்னும் சுருங்குகிறது. ஊரில் எத்தனை தெரு இருந்தாலும் எல்லாம் நாலைந்து மெயின் ரோட்டில் சேர்ந்து, அது கடைசியில் பஸ் ஸ்டாண்டில் போய் முடிகிற மாதிரி. தன்னைத்தானே திரும்பத் தரும் எண் அந்த 54-ல் ஒன்றுதான். அதுதான் பஸ் ஸ்டாண்ட்.

சிரித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறதா?

இந்தியக் கணித வட்டாரத்தில் பலர் காப்ரேகரைப் பார்த்துச் சிரித்தார்கள். இதெல்லாம் சில்லறை விஷயம், கணிதமே இல்லை என்பது அவர்கள் எண்ணம். பெரிய ஆய்விதழ்கள் அவருக்குத் திறக்கவில்லை. சின்னச் சின்ன இதழ்களில் எழுதினார். மற்றதைச் சொந்தக் காசு போட்டு, தேவ்லாலி முகவரியோடு, சிறு புத்தகங்களாக அச்சடித்தார். சுயம்பு எண்களைப் பற்றிய அவரது 1963 புத்தகமும் அப்படித்தான் வந்தது. பள்ளி வாத்தியார் சம்பளத்தில் அச்சுக்கூலி கொடுப்பது என்றால் என்னவென்று யோசியுங்கள்.

சிரித்தவர்களை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருந்தது, அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஜி.எச். ஹார்டி, 1940-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்த மாதிரி இலக்க வேடிக்கைகளைக் கையில் எடுக்கிறார். காப்ரேகரைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஹார்டி காட்டும் உதாரணங்களில் ஒன்று 9801. அதைத் திருப்பி எழுதினால் 1089, அதன் ஒன்பது மடங்கு 9801. புதிர்ப் பத்திக்கு நல்லது, ஆனால் ஒரு கணித அறிஞனை ஈர்க்க இதில் ஒன்றுமில்லை என்பது அவர் தீர்ப்பு. காரணம் எளிது. நாம் எண்களைப் பத்துப் பத்தாக எழுதுகிறோம், அதற்குக் காரணம் நம் கையில் பத்து விரல். எட்டு எட்டாக எழுதியிருந்தால் 6174-க்கு இந்தக் குணமே இருந்திருக்காது. 1729 அப்படியில்லை. இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் சொல்லக்கூடிய மிகச் சிறிய எண் என்ற அதன் பெருமை, எந்த முறையில் எழுதினாலும் மாறாது.

வாதம் சரிதான், எனக்கு அதில் மறுப்பில்லை. காப்ரேகரை இராமானுஜனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும் ஃபார்வேர்டு மெசேஜ்களைப் பார்த்தால் எரிச்சல்கூட வருகிறது. ஆனால் ஓர் எண் கணிதத்தின் ஆழத்துக்குப் போகவில்லை என்பதற்காக அதைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்படக் கூடாதா என்ன? காப்ரேகர் தன் விளையாட்டை விளையாட்டு என்றுதான் சொல்லிக்கொண்டார். 6174 பற்றிய கட்டுரைக்கே தனியாள் ஆடும் சீட்டாட்டமான ‘சாலிட்டேர்’ என்ற பெயரைத்தான் வைத்தார். கேரம் ஆடுபவரிடம் இதனால் இயற்பியலுக்கு என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை. (வேடிக்கையைப் பாருங்கள்: ஹார்டி ஒதுக்கிய 9801-ஐ வெட்டிக் கூட்டினால் 98+01 = 99. 99-ன் வர்க்கம் 9801. அதுவும் காப்ரேகர் வீட்டுப் பிள்ளைதான்!)

இங்கே உங்களிடம் ஒன்று கேட்கணும். போட்டோ எடுக்கிறேன் என்றால் இன்ஸ்டா பேஜ் இருக்கா என்கிறார்கள். கேக் செய்தால் ஆர்டர் எடுக்கலாமே என்கிறார்கள். ஓடினால் ஆப்பில் பதியணும், படித்தால் வருஷத்துக்கு எத்தனை புத்தகம் என்று கணக்குக் காட்டணும். யாருக்கும் காட்டாமல், எதற்கும் உதவாமல், சும்மா பிடித்திருக்கிறது என்பதற்காக நீங்கள் கடைசியாக ஒரு மணி நேரம் எதைச் செய்தீர்கள்?

ஓய்வுக்குப் பிறகு

காப்ரேகரைக் கேட்க ஆளே இல்லாமல் போகவில்லை. மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கும். சுற்றுவட்டாரக் கல்லூரிகள் கூப்பிட்டால் போய் எண்களைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். கணித மாநாடுகளுக்கும் விடாமல் போனார். ஆனால் கைத்தட்டலால் வீட்டு வாடகை கொடுக்க முடியாதே.

1962-ல் ஓய்வு. 1966-ல் மனைவி இறந்தார். எவ்வளவு சிக்கனமாக இருந்தும் பென்ஷன் பணம் போதவில்லை. வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்திய மனிதர், அறுபது வயதுக்கு மேல் கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் எடுத்து வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. பிடித்ததைச் செய், பணம் தானாகத் தேடி வரும் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை. அவருக்குப் பணம் வரவில்லை. ஆனாலும் எண்களை விடவில்லை, எழுதுவதும் நிற்கவில்லை.

1975 மார்ச்சில் ஒரு திருப்பம். அமெரிக்காவின் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிவந்த கணித விளையாட்டுப் பத்தி அப்போது உலகப் புகழ். கணிதக்காரர்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை படிப்பார்கள். அதில் கார்ட்னர் காப்ரேகரைப் பற்றியும் அவரது எண்களைப் பற்றியும் எழுதினார். தேவ்லாலியில் அச்சான மெலிந்த புத்தகங்களில் இருந்த விஷயம் ஒரே மாதத்தில் உலகம் சுற்றிவிட்டது. இன்னொரு தகவல்: கார்ட்னருக்கும் கணிதத்தில் முதுகலைப் பட்டம் கிடையாது, அவர் படித்தது தத்துவம். முதுகலைப் பட்டம் இல்லாத ஒருவரை முதுகலைப் பட்டம் இல்லாத இன்னொருவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது காப்ரேகருக்கு வயது 70.

அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் இருந்தார். 1986-ல் தேவ்லாலியில் காலமானார். அந்த எண்ணையும் போட்டுப் பார்த்தேன். 9861 − 1689 = 8172. மேலே 1905-ன் இரண்டாவது வரியில் இருப்பதும் 8172. அங்கிருந்து இரண்டும் ஒரே பாதை.

இப்போது எங்கே இருக்கிறார்?

அவர் வைத்த பெயர்கள் எல்லாமே தங்கிவிடவில்லை. 1970-களில் கொலம்பியா நாட்டுக் கணித ஆசிரியர் பெர்னார்டோ ரெக்கமான் அதே சுயம்பு எண்களைத் தனியாகக் கண்டு ஓர் ஆய்விதழில் கேள்வியாக அனுப்பினார். அதனால் அவற்றுக்குக் ‘கொலம்பிய எண்கள்’ என்றும் ஒரு பெயர் விழுந்தது. பரவாயில்லை, ‘தேவ்லாலி எண்கள்’ என்ற பெயரும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஐ.டி. வேலைக்குக் கோடிங் பழகியவர் என்றால் நீங்கள் ஏற்கெனவே அவரைச் சந்தித்திருக்கலாம். ‘ஹாக்கர்ரேங்க்’ தளத்தில் காப்ரேகர் எண்களைக் கண்டுபிடிக்கும் பயிற்சி இருக்கிறது. லூப் எழுதக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு ஹர்ஷத் எண் ரொம்ப இஷ்டம். அன்று எதற்கும் உதவாது என்ற விளையாட்டை, இன்று வேலை கிடைக்கணும் என்று ராத்திரி கண்விழித்து எத்தனையோ பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2024-ல் வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் ஆறாம் வகுப்புக் கணிதப் புத்தகமான ‘கணித பிரகாஷ்’-ல் எண் விளையாட்டு என்றே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அதில் காப்ரேகருக்கும் அவரது மாய எண்ணுக்கும் தனியாக ஒரு பகுதி. வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் மூன்று இலக்க எண்களில் இதையே செய்து பார்க்கச் சொல்லுங்க: எல்லாம் 495-ல் போய் நிற்கும். ஐந்து இலக்கத்தில் மட்டும் அவசரப்பட்டு பெட் கட்டிவிடாதீர்கள். அங்கே பஸ் ஸ்டாண்டே கிடையாது, மூன்று ரவுண்டானாக்கள்தான். 53955-க்கும் 59994-க்கும் நடுவே ஓயாமல் ஆடும் வட்டம் அதில் மிகச் சிறியது. மற்ற இரண்டிலும் நான்கு நான்கு எண்கள். அவை எவை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பேனாவும் பேப்பரும் போதும்.